மண்ணை மாற்றுவதா, பயிரை மாற்றுவதா?

வெப்பமண்டலக் காட்டை அழித்து உழுதால் அந்த மண் சில ஆண்டுகளிலேயே செங்கல்லைப் போல இறுகிவிடும் என்ற அச்சம் 1960களில் படித்தவர்களிடையே பரவலாக இருந்தது. வெட்டியெடுத்துக் காயவைத்தால் கெட்டிப்படும் கேரளத்துச் செம்புராங்கல்லை நேரில் கண்டவர்களுக்கு இந்த அச்சம் நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அவ்வாறு இறுகக்கூடிய மண் வெப்பமண்டல நிலப்பரப்பில் ஒரு சிறு பங்குதான் என்றும், உண்மையான சிக்கல் மண்ணின் வேதியியலில் இருக்கிறது என்றும் 1975இல் பெட்ரோ சான்செஸ், ஸ்டான்லி பியூல் என்னும் இரு மண்ணியலாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். சான்செஸின் பணிவாழ்க்கை பெரும்பாலும் அந்த வேதியியலோடு மல்லுக்கட்டியதுதான்.

அவர் 1940இல் கியூபாவில் பிறந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, பிலிப்பைன்ஸில் நெல்வயல் சேற்றுழவைப் பற்றிய ஆய்வுடன் 1968இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முதலில் பெருவின் நெல் திட்டத்திலும், அதன்பின் பிரேசிலின் செராடோ சமவெளியிலும், பெருவின் அமேசான் பகுதியிலும் பணியாற்றினார்.

செராடோவின் செம்மண் பார்வைக்குக் குறையற்றது. ஆழமும் வடிகாலும் உண்டு. டிராக்டர் ஓடுவதற்கு ஏற்ற சமதளமும் உண்டு. ஆயினும் பல லட்சம் ஆண்டுகளாகப் பெய்த மழை அதிலிருந்த கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியவை பெரும்பாலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் எளிய களிமண் துகள்களுமே. மண்ணின் பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குகிறது. செல் பிரிவதும் நீள்வதும் தடைபடுவதால் வேர் குட்டையாகி, தடித்து, பக்கவேர் விடாமல் நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம், நாம் இடும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. அது மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை.

அமிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவது உலகம் அறிந்த மருந்துதான். எவ்வளவு இடுவது என்பதில்தான் தவறு நடந்தது. குளிர்நாட்டுப் பழக்கத்தின்படி பிஎச் 7ஐ எட்டும்வரை சுண்ணாம்பைக் கொட்டினால், செலவு கட்டுக்கடங்காமல் போவதோடு துத்தநாகம், மாங்கனீசு போன்ற நுண்ணூட்டங்களும் பயிருக்கு எட்டாமல் போய்விடும். கரைந்து திரியும் அலுமினியத்தை முடக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இட்டால் போதும் என்பதை வடகரோலினாவைச் சேர்ந்த யூஜின் காம்பிராத் 1970இல் காட்டினார். அப்போது அலுமினியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து வேருக்குத் தீங்கற்றதாகிறது. பிஎச்சை அளப்பதற்குப் பதிலாக அலுமினியத்தை அளப்பது என்ற இந்தச் சிறிய மாற்றம், சுண்ணாம்புச் செலவை விவசாயியின் கைக்குள் கொண்டுவந்தது.

அப்படியும் ஒரு தொல்லை தீரவில்லை. செராடோவில் மழைக்காலத்தின் நடுவே இரண்டு மூன்று வாரம் மழை ஓய்ந்துவிடுவது வழக்கம். அந்த நாட்களில் மக்காச்சோளம் வாடியது. வயலில் குழி வெட்டிப் பார்த்தால், சுண்ணாம்பு கலந்த மேல்மண்ணோடு வேர்கள் நின்றிருக்கும். அதற்குக் கீழே கையில் எடுத்தால் ஈரம் ஒட்டும் மண், தொடுவாரின்றிக் கிடக்கும். சுண்ணாம்பு தண்ணீரில் எளிதில் கரையாது, இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. எனவே அடிமண்ணில் அலுமினியம் அப்படியே இருந்தது, கால்சியமும் அங்கே இல்லை.

இதற்கான விடை வேறொரு சோதனையிலிருந்து வந்தது. சாதாரண சூப்பர் பாஸ்பேட் இட்ட பாத்திகளில் மட்டும் வேர்கள் ஆழமாக இறங்கியிருந்ததைப் பிரேசிலிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தனர். அந்த உரத்தில் மணிச்சத்தோடு ஜிப்சமும், அதாவது கால்சியம் சல்பேட்டும், கலந்திருக்கிறது. ஜிப்சம் சுண்ணாம்பைவிட நன்றாகக் கரையும். அதிலுள்ள சல்பேட், மழைநீரோடு கால்சியத்தையும் உடனழைத்துக்கொண்டு கீழே இறங்கும், அடிமண்ணின் அலுமினியத்தோடு சேர்ந்து அதன் நச்சையும் தணிக்கும். 1980இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் அடிமண்ணின் ஈரம் பயிருக்கு வசப்பட்டது. நம்மூரில் களர் நிலத்திலிருந்து சோடியத்தை வெளியேற்ற இடும் அதே ஜிப்சம், அதற்கு நேர் எதிரான அமில மண்ணில் இப்படி வேலை செய்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. செராடோவை விளைநிலமாக்கியதற்காக 2006இல் உலக உணவுப் பரிசு பெற்ற மூவரில் எட்சன் லொபாட்டோ இந்த ஜிப்சம் ஆய்விலும் பங்கேற்றவர்.

அமேசானின் யூரிமாகுவாஸ் ஆய்வு நிலையத்தில் சான்செஸ் குழுவினர் எதிர்கொண்ட கேள்வி இதைவிடக் கடினமானது. காட்டை வெட்டி எரித்தால் சாம்பல் அமிலத்தைத் தணித்துச் சத்தும் தருகிறது. முதல் நெல் நன்றாக விளைகிறது. உரமின்றித் தொடர்ந்தால் மூன்றாம் போகத்துக்குள் விளைச்சல் ஏறக்குறைய அற்றுப்போகிறது. சுண்ணாம்பும் உரமும் முறையாக இட்டால் நெல், மக்காச்சோளம், சோயா எனச் சுழற்சியில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விளைவிக்கலாம் என்று அவர்கள் 1982இல் காட்டினர். வேதியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாலையும் கடனும் எட்டாத காட்டுக் குடியானவர் அந்த உரத்தை எங்கே வாங்குவார் என்ற எதிர்வாதம் எழுந்தது. அது நியாயமான வாதம் என்றே நான் கருதுகிறேன்.

சான்செஸின் சிந்தனையும் அந்தப் பக்கம் திரும்பியது. அலுமினியத்தைத் தாங்கும் மானாவாரி நெல்லையும் தட்டைப்பயறையும் குறைந்த இடுபொருளுடன் விளைவிக்கும் முறை யூரிமாகுவாஸிலேயே உருவானது. சில பயிர்களின் வேர்நுனிகள் கரிம அமிலங்களைச் சுரந்து அலுமினியத்தைக் கட்டிப்போடுகின்றன. மண்ணைப் பயிருக்கேற்ப மாற்றுவதற்குப் பதிலாக, மண்ணுக்கேற்ற பயிரைத் தேடி, மண்ணுயிர்களின் வேலையைப் பெருக்கி, வெளியிலிருந்து வாங்குவதைக் குறைப்பது என்பதை அவர் 1990களில் ஓர் ஆய்வுநெறியாகவே முன்வைத்தார்.

அவர் 1991 முதல் 2001 வரை நைரோபியிலுள்ள உலக வேளாண்காடு ஆய்வு மையத்துக்குத் தலைமை வகித்தபோது, அந்த நெறி மேற்குக் கென்யாவில் சோதிக்கப்பட்டது. அங்கே விவசாயிகள் மக்காச்சோள வரிசைகளுக்கிடையே சித்தகத்தியை விதைத்து, அறுவடைக்குப் பின் அதை அடுத்த பருவம் முழுவதும் வளரவிட்டனர். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கின. அதோடு, அந்த மண்ணின் ஆக்சைடுகள் அமிலச் சூழலில் நேர்மின்னூட்டம் பெறுவதால், மக்காச்சோள வேருக்கு எட்டாத ஆழத்தில், எதிர்மின்னூட்டமுள்ள நைட்ரேட்டையும் பிடித்துவைத்திருந்தன. சித்தகத்தியின் ஆழமான வேர் அதை மேலே கொண்டுவந்து இலையில் சேர்த்தது; இலை மக்கியபின் அது அடுத்த மக்காச்சோளத்துக்குப் போனது.

மணிச்சத்துக்கு இந்த வழி கிடையாது. காற்றில் அது இல்லை. மண்ணில் இல்லாததை எந்த வேராலும் உண்டாக்க முடியாது. ஆகவே தான்சானியாவின் மின்ஜிங்கு பாறைப் பாஸ்பேட்டை அரைத்து வயலில் இட்டனர். இங்கே மண்ணின் அமிலமே உதவிக்கு வந்தது: கார மண்ணில் கரையாமல் கிடக்கும் அந்தப் பாறைத்தூளை அமில மண் மெல்லக் கரைத்துக் கொடுத்தது. தழைச்சத்தை வயலிலேயே வளர்த்து மணிச்சத்தை வாங்கி இடும் இந்தப் பங்கீடு, முழுக்க இயற்கை முறை என்போருக்கும் முழுக்க மூட்டை உரம் என்போருக்கும் உவப்பாக இருந்திருக்காது. அந்த மண்ணின் கணக்குக்கு அது பொருந்தியது.

சான்செஸுக்கு 2002இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதன்பின் ஐ.நா.வின் பசி ஒழிப்புப் பணிக்குழுவுக்கு எம்.எஸ். சுவாமிநாதனும் அவரும் இணைத்தலைவர்களாக இருந்தனர். 2005இல் வெளிவந்த அவர்களது அறிக்கை, ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் விளைச்சலைக் கூட்ட மண்வளத்தை மீட்பதை முதன்மையான பணிகளுள் ஒன்றாக வைத்தது. விதையையும் பாசனத்தையும் முன்னிறுத்தி நடந்த பசுமைப் புரட்சியில் பெரும்பங்கு வகித்த சுவாமிநாதனின் பெயரும் அந்த அறிக்கையில் இருக்கிறது.