பஸ் நிறுத்தம் 400 மீட்டரில் இருந்தால் எத்தனை புள்ளி?

பசுமைக் கட்டடம் என்றதும் கூரைமேல் சூரியத் தகடும் மழைநீர்த் தொட்டியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கட்டடத்துக்குத் தினமும் ஐந்நூறு பேர் ஆளுக்கொரு வண்டியில் வந்து இறங்கினால், கூரை மிச்சம் பிடித்ததைச் சாலை தின்றுவிடும். அதனால் பசுமைக் கட்டடம் என்று சான்று தரும் மதிப்பீட்டு முறைகள், ஊழியர் எப்படி வந்து போகிறார் என்பதற்கும் புள்ளி ஒதுக்கியிருக்கின்றன. கட்டட உரிமையாளர்கள் பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். அதற்குள் இடம் வாங்கி, அடித்தளமும் தோண்டியாகிவிடும்.

இந்தியாவில் மூன்று முறைகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் (ஐஜிபிசி) தருவது. இன்னொன்று, எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனமான டெரியும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா. இதில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கிடைக்கும். மூன்றாவது, அமெரிக்காவில் பிறந்த லீட். சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் இன்று அரசு மருத்துவமனை இயங்கும் கட்டடம், தலைமைச் செயலகமாகக் கட்டப்பட்ட காலத்தில் லீட் தங்கச் சான்று பெற்றதுதான். தனியார் கட்டடங்களைப் பொறுத்தவரை இவை விரும்பிப் பெறும் சான்றுகள்.

போக்குவரத்துக்குக் கணக்கு மிகத் தெளிவாக இருப்பது லீட் முறையில். அதன் நான்காம் பதிப்பை வைத்தே விளக்குகிறேன். மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சான்று, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். புதிய கட்டடத்துக்கு 'இடமும் போக்குவரத்தும்' என்ற பிரிவில் மட்டும் 16 புள்ளி இருக்கிறது.

அதில் 5 புள்ளி பொதுப் போக்குவரத்துக்கு. பஸ் நிறுத்தம் என்றால் கட்டடத்தின் நுழைவாயிலிலிருந்து 400 மீட்டருக்குள், ரயில் அல்லது மெட்ரோ நிலையம் என்றால் 800 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நிறுத்தம் இருப்பது மட்டும் போதாது, அங்கே ஒரு நாளில் வண்டி எத்தனை நடை ஓடுகிறது என்று எண்ணுவார்கள். பல வகைப் போக்குவரத்து உள்ள இடங்களில் வாரநாளில் 72, வார இறுதி நாளில் 40 நடை இருந்தால் 1 புள்ளி. 144, 108 என்று உயர்ந்தால் 3. 360, 216 என்றால் முழு 5. கால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் வீதம் 18 மணி நேரம் ஓடினால் 72 வந்துவிடும். ஒரு வழித்தடத்தில் ஒரு திசை நடையை மட்டுமே எண்ண வேண்டும். அதே பஸ் கட்டடத்தின் முன்னும் பின்னும் இரண்டு நிறுத்தங்களில் நின்றாலும் ஒரு நிறுத்தம்தான் கணக்கு.

இங்கே பலர் சறுக்குவது தூரத்தில். வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு போட்டால் செல்லாது. மனிதர் பாதுகாப்பாக நடக்கக்கூடிய நடைபாதை, சாலையைக் கடக்கும் இடம் ஆகியவற்றின் வழியே அளக்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் எதிர்ப்புறம் கண்ணுக்குத் தெரியும் நிறுத்தத்துக்குப் போக, நடுத்தடுப்பைச் சுற்றிக்கொண்டு எவ்வளவு நடக்க வேண்டும் என்பது அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். காகிதத்தில் 60 மீட்டர், காலில் 600 மீட்டர். அளவைக் காலுக்கு விட்டிருப்பதுதான் இந்த விதியில் எனக்குப் பிடித்த அம்சம்.

சைக்கிளுக்கு 1 புள்ளிதான். ஆனால் நிபந்தனை நுணுக்கமானது. வழக்கமாக வேலை செய்பவர்களில் 5 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பான சைக்கிள் நிறுத்தம் வேண்டும். வருகையாளர் அதிகமிருக்கும் நேரத்தில் அவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கும் வேண்டும். இரண்டிலும் நான்குக்குக் குறையக் கூடாது. வியர்த்து வருபவர் குளிக்க முதல் 100 பேருக்கு ஒரு ஷவர், அதற்கு மேல் ஒவ்வொரு 150 பேருக்கும் ஒன்று. 500 பேர் உள்ள அலுவலகம் என்றால் 25 சைக்கிளுக்கு இடமும் 4 ஷவரும். நம் ஊர் வெயிலில் இந்த ஷவர்தான் திட்டத்தின் உயிர். அது இல்லாத சைக்கிள் நிறுத்தத்தில் காவலாளியின் சைக்கிள் மட்டுமே நிற்கும்.

பார்க்கிங்தான் உண்மையான சிக்கல். அதற்கும் 1 புள்ளிதான். கட்ட அனுமதி கேட்டால், இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார் இடம் குறைந்தது வேண்டும் என்கிறது உள்ளூர் விதி. லீட் அந்தக் குறைந்தபட்ச அளவைத் தாண்டாதே என்கிறது. அதோடு, தான் வைத்திருக்கும் அடிப்படை அளவிலிருந்து 20 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. பொதுப் போக்குவரத்துக்கோ சுற்றுப்புற அடர்த்திக்கோ ஏற்கெனவே புள்ளி பெற்றிருந்தால் 40 விழுக்காடு குறைக்க வேண்டும். மீதியுள்ள இடத்திலும் 5 விழுக்காட்டைப் பலர் சேர்ந்து வரும் கார்களுக்கு முன்னுரிமையாக ஒதுக்க வேண்டும். ஒரு கை பார்க்கிங் கட்டு என்கிறது, மறு கை கட்டாதே என்கிறது. இரண்டுக்கும் இடையே கட்டடக் கலைஞர் வழி தேட வேண்டும். மூன்றடுக்கு அடித்தளப் பார்க்கிங் தோண்டிவிட்டு இந்தப் புள்ளியைக் கேட்பதில் அர்த்தமில்லை.

மின்வாகனத்துக்கும் ஒரு புள்ளி. பார்க்கிங்கில் 5 விழுக்காட்டைப் பசுமை வாகனங்களுக்கு ஒதுக்கி, கூடவே 2 விழுக்காட்டு இடங்களில் மின்னேற்றக் கருவி வைப்பது ஒரு வழி. மத்திய அரசு 2016ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதிகளை 2019இல் திருத்தியபோது, வாகனக் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு மின்னேற்ற ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாதிரி விதி என்பதால் மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் கட்டாயம். எப்படியும் செய்ய வேண்டியதற்குச் சான்றிலும் புள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐஜிபிசி, கிரிஹா முறைகளும் இதே திசையில்தான் போகின்றன. பொதுப் போக்குவரத்துக்கு அருகில் இருப்பது, அன்றாடத் தேவைக்கான கடை, வங்கி போன்றவை நடக்கும் தூரத்தில் இருப்பது, மின்வாகன வசதி ஆகியவை அங்கும் மதிப்பெண் பெறும்.

இதுவரை சொன்னது புதிய கட்டடத்தின் கதை. அங்கே வசதி இருந்தால் போதும், யார் பயன்படுத்துகிறார் என்று கேட்பதில்லை. இந்த முறையின் பலவீனமும் அதுதான். ஏற்கெனவே இயங்கும் கட்டடத்துக்குச் சான்று கேட்டால் நிலைமை தலைகீழ். நான்காம் பதிப்பில் மாற்றுப் போக்குவரத்துக்கு மட்டும் 15 புள்ளி. அதைப் பெற ஊழியர்களிடம் கணக்கெடுத்து, தனியாகக் கார் ஓட்டி வராதவர் எத்தனை பேர் என்று காட்ட வேண்டும். நடந்து வருவது, சைக்கிள், பஸ், ரயில், காரில் சேர்ந்து வருவது, வீட்டிலிருந்து வேலை செய்வது எல்லாம் கணக்கில் சேரும். முறைசாராப் போக்குவரத்தும் சேரும் என்பதால் நம் ஷேர் ஆட்டோவுக்கும் இடமுண்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, இறங்கியபின் ஷேர் ஆட்டோவில் வரும் ஊழியர், தாமறியாமலே முதலாளிக்குப் புள்ளி சேர்த்துக் கொடுக்கிறார்.

ஆகவே பழைய கட்டடம் வைத்திருப்பவர் இடத்தை மாற்ற முடியவில்லையே என்று வருந்தத் தேவையில்லை. மாதாந்தர ரயில் சீட்டுக்குப் பணம் கொடுப்பது, சேர்ந்து வருபவர்களுக்கு வாசலுக்கு அருகில் இடம் விடுவது, வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை என இவை கட்டுமானச் செலவில்லாமல் எண்ணிக்கையை நகர்த்தும்.

விண்ணப்பிக்கும்போது நடைபாதை வழியைக் குறித்த வரைபடம், நிறுத்தங்களின் கால அட்டவணை, சைக்கிள் நிறுத்தமும் ஷவரும் காட்டும் திட்டப்படம், பார்க்கிங் கணக்கு ஆகியவை கையில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் லீட் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது, புள்ளிப் பங்கீடும் மாறியிருக்கிறது. உங்கள் கட்டடம் எந்தப் பதிப்பில் பதிவாகிறது என்று ஆலோசகரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு இடத்திலிருந்து நிறுத்தம் வரை ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள்.