டிபி கிருமிக்குக் கொழுப்பு ஜாஸ்தி

போன மாசம் ஊர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணார். மூணு வாரமா இருமல், சாயங்காலமானா லேசா காய்ச்சல், வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. "நீதான் அந்த டிபி கிருமியை மெஷின்ல போட்டுப் பாக்குறியாமே, என் ரத்தத்தையும் ஒரு தடவை போட்டுச் சொல்லிடேன்ப்பா, டப்பால சளி துப்பிக் குடுக்கறதெல்லாம் ஒரு மாதிரி இருக்கு"ன்னார். முதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போய் சளி குடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்னு வெச்சுட்டேன், அப்புறம் யோசிச்சா இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க, அதான் எழுதிடலாம்னு.

நான் வேலை பாக்குறது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல. சுருக்கமா சொன்னா அது ஒரு தராசு, ஆனா அதுல நிறுக்கறது ஒத்தை ஒத்தை மூலக்கூறை. மெல்லிசான ஊசி வழியா திரவத்தை ஸ்ப்ரே பண்ணி, மின்னூட்டம் ஏத்தி, காத்தே இல்லாத குழாய்க்குள்ள பறக்கவிட்டு எடை பாக்கணும். பெரிய பெரிய மூலக்கூறுகளையும் உடையாம இப்படிப் பறக்கவிடலாம்னு காட்டினதுக்குத்தான் ஜான் ஃபென்னுக்கு 2002ல நோபல் பங்கு கிடைச்சது.

இதுல டிபி கிருமியை ஏன் போடணும்? திமிர் பண்றவனை "கொழுப்பு ஜாஸ்தி"ம்போம்ல, இந்தக் கிருமிக்கு அது நிஜமாவே பொருந்தும். மேல் சுவர்ல மைக்காலிக் ஆசிட்னு மெழுகு மாதிரி ஒரு சமாச்சாரம், 60ல இருந்து 90 கார்பன் வரைக்கும் நீளம், நம்ம சமையல் எண்ணெய்ல இருக்கறது பெரும்பாலும் 16, 18தான், கணக்குப் போட்டுக்கங்க. 1998ல இதோட மரபணுத்தொகுதி முழுசா வெளிவந்தப்ப கொழுப்பு வேலைக்குன்னே ஏறக்குறைய 250 என்சைம் இருக்கறது தெரிஞ்சது, நம்ம குடல்ல இருக்குற ஈகோலைக்கு 50 போல. சளியை ஸ்லைடுல தடவி சிவப்புச் சாயம் ஏத்தி ஆசிட் ஊத்திக் கழுவினா மத்த கிருமி பெரும்பாலும் வெளுத்துடும், இது சிவப்பாவே நிக்கும், காரணம் இந்த மெழுகுதான். டிபிக்குக் குடுக்குற ஐசோநையாசிட் மாத்திரை அடிக்கறதும் இந்த மெழுகைத் தயாரிக்கற இடத்தைத்தான்.

லேப்ல கிருமிக் கூட்டத்தைக் குளோரோஃபார்ம் மெத்தனால் கலவைல ஊறப்போட்டா கொழுப்பு கரைஞ்சு வெளிய வரும், கிருமியும் செத்துடும். செத்துடுச்சுன்னு நாமளா நினைச்சுக்கக்கூடாது, கொஞ்சத்தைத் தட்டுல விதைச்சு வாரக்கணக்குல காத்திருந்து ஒண்ணும் முளைக்கலைன்னு உறுதியான அப்புறம்தான் பாதுகாப்பு அறையை விட்டு அந்த சாம்பிள் வெளிய வரணும்.

எந்த எடைல மூலக்கூறு இருக்கோ அந்த எண்ல மெஷின் ஸ்க்ரீன்ல ஒரு கூம்பு காட்டும், அதுக்குப் பேர் பீக். நான் சேர்ந்த புதுசுல 391.28ல கோபுரம் மாதிரி ஒரு பீக் வந்தது. எந்தப் பட்டியல்லயும் சிக்கலை, புதுக் கொழுப்பைக் கண்டுபிடிச்சுட்டோம்னு ரெண்டு நாள் தூங்கலை. கடைசில பாத்தா பிளாஸ்டிக்கை வளைய வைக்க சேர்க்குற தாலேட் அது! நான் குளோரோஃபார்மை பிளாஸ்டிக் ட்யூப்ல ஊத்தி வெச்சிருந்தேன், அது ட்யூப்பைக் கரைச்சுக் குடிச்சிருக்கு. அன்னைலேர்ந்து கண்ணாடி தவிர வேற எதையும் தொடறதில்லை. அதே மாதிரி கிருமி கட்டி கட்டியா சேராம இருக்க வளர்க்கறப்ப ட்வீன்னு ஒரு சோப்பு போடுவோம், அது சரியா போகலைன்னா 44, 44 இடைவெளில வரிசையா பீக் வந்து ஸ்க்ரீனையே அடைச்சுக்கும். நிஜக் கொழுப்போட நடை வேற, சல்ஃபோலிப்பிட்னு இந்தக் கிருமியோட ஒரு கொழுப்பு இருக்கு, அதெல்லாம் 2000க்கு மேல 14, 14ஆ படிக்கட்டு மாதிரி ஏறும்.

புதுசு கிடைக்கவே கிடைக்காதுன்னும் இல்லை. பாஸ்டன்ல பிராஞ்ச் மூடிங்கற விஞ்ஞானியோட குழு நோய் தர்ற கிருமியோட கொழுப்பையும் தடுப்பூசிக்குப் போடுற பிசிஜியோட கொழுப்பையும் ஆயிரக்கணக்கான பீக் வெச்சு ஒப்பிட்டுப் பாத்தப்ப, பிசிஜில இல்லாத ஒண்ணு 540.35ல நின்னது. டியூபர்குலோசினைல் அடினோசின்னு பேர் வெச்சு 2014ல வெளியிட்டாங்க. நம்ம வெள்ளணு கிருமியை முழுங்கி அமிலத்துல கரைக்கப் பாக்கும்ல, இது அந்த அமிலத்தையே மட்டுப்படுத்துது, அதாவது கிருமி தனக்குத்தானே ஜெலுசில் தயாரிச்சுக்குது. இன்னொரு கூத்து, 2020ல அமெரிக்காவுல கினிப்பன்றிகளை வெச்சுப் பாத்ததுல மேல சொன்ன சல்ஃபோலிப்பிட் வலி நரம்பைத் தூண்டி இருமலை வரவைக்குதுன்னு தெரிஞ்சது. பரவறதுக்கு நம்ம நெஞ்சையே பம்ப்பா யூஸ் பண்ணிக்குது போல.

இவ்வளவு தெரிஞ்சும் சித்தப்பா ரத்தத்தை ஏன் போடலைன்னா, ரத்தத்துல நம்ம கொழுப்பே கடலா கிடக்கு, கிருமியோடது துளி இருந்தா அதிகம். பிளாஸ்டிக்கைப் பாத்தே ஏமாந்தவன் நான், ஒரு பீக்கை நம்பி ஒருத்தருக்கு டிபி இருக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது? ரத்தத்துல ஆன்டிபாடி பாத்து டிபி சொல்ற டெஸ்டெல்லாம் தப்பா காட்டுதுன்னு 2011ல உலக சுகாதார நிறுவனம் வேண்டாம்னு சொல்லி, 2012ல இந்தியாவும் தடை பண்ணிடுச்சு. இக்ரான்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அது கிருமி உள்ள நுழைஞ்சிருக்கான்னு சொல்லும், இப்ப நோயா மாறியிருக்கான்னு சொல்லாது. கிருமிச் சுவர்ல இருக்குற லாம்னு ஒரு சர்க்கரைக் கொழுப்பை மூத்திரத்துல பாக்குற பட்டை இருக்கு, ஆனா அது முக்கியமா ஹெச்ஐவி இருக்குறவங்களுக்கு. மத்தபடி ரெண்டு வாரம் தாண்டின இருமலா, சளியைக் குடுங்க, ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட்னு சளில கிருமியோட மரபணுவைத் தேடுற மெஷின்ல போட்டா ரெண்டு மணி நேரம் முன்னப்பின்ன தெரிஞ்சுடும், அரசு ஆஸ்பத்திரில காசும் கிடையாது. எச்சில் இல்லை, ஆழமா இருமி எடுத்த சளி.

சித்தப்பாவுக்கு டிபின்னே வந்தது, ரிஃபாம்பிசின்ங்கற டிபி மருந்துக்குக் கட்டுப்படற ரகம், ஆறு மாச மாத்திரை. ஆரம்பிச்ச மறுநாள் காலைல ஆறு மணிக்கே போன், "ஒண்ணுக்கு ஆரஞ்சா போகுதுடா, ரத்தமா?" ரிஃபாம்பிசினோட கலர் அது, பயப்படாதீங்க, டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்கன்னேன். "அப்ப இதையாவது உன் மெஷின்ல போட்டுப் பாரேன்"னார். போட்டா 823ல ஒரு பீக் நிக்கும் சித்தப்பா, அது உங்க மாத்திரைதான்.