ஊசி புதுசா என்று கேளுங்கள்

"தம்பி, ஊசி புதுசுதானே?" போன வாரம் ஓர் அம்மா இப்படிக் கேட்டதும் கூட வந்த மகள், "சும்மா இரும்மா, அவங்களுக்குத் தெரியாதா" என்று அதட்டினார். அந்த அம்மா கேட்டதுதான் சரி. பதினைந்து வருடமாக ரத்தம் எடுக்கிறேன், இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை; கோபப்படுகிற ஆளிடம் நீங்கள் கையை நீட்ட வேண்டாம்.

ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுமே பரவலாம். அதனால் உறையை உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும், முன்பே பிரித்து ட்ரேயில் கிடந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். கையுறையும் அப்படித்தான், முந்தினவருக்குப் போட்டதோடு உங்களிடம் வரக் கூடாது. ஸ்பிரிட் தடவினால் அரை நிமிடம் காயவிட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவி நரம்பு தேடினால் துடைத்ததே வீண். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஊசி பார்த்தாலே மயக்கம் வருகிறவர்கள் எல்லாரும் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்று நான்கு டியூப்பைப் பார்த்து "இவ்வளவு ரத்தமா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஊதா மூடி ரத்த அணுக்களை எண்ண, சாம்பல் மூடி சர்க்கரைக்கு. எல்லாம் சேர்ந்து 10 மில்லி வரும், அதாவது இரண்டு டீஸ்பூன். உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லிட்டர்.

யாருமே கேட்காத ஒன்று இருக்கிறது, டியூப்பில் யார் பெயர் என்பது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேபில், பெயர் ஒட்டாமல் வைத்த இரண்டு டியூப் மாறிப்போய், சர்க்கரையே இல்லாத ஒருவருக்குச் சர்க்கரை என்று ரிப்போர்ட் போனது. மறுபடி எடுத்துப் பார்க்கும்வரை இரண்டு நாள் அவர் தூங்கவில்லை. பெயரை நீங்களே சொல்ல வேண்டும், உங்களை எழுப்பி அனுப்புவதற்குள் டியூப்பில் அது ஒட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பஞ்சு. முழங்கையை மடக்கி இடுக்கிக்கொண்டு நடக்காதீர்கள், அதனால்தான் பல பேருக்கு நீலம் கட்டுகிறது. கையை நேராக நீட்டி, விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

அந்த அம்மா அழுத்திப் பிடித்தபடியே மகளிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு டியூப்பிலும் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் எழுந்தார்.