இரண்டு கிலோவாட்டா, மூன்றா? கடலூர் வீட்டுக்கு ஒரு சோலார் கணக்கு

சோலார் போடலாமா என்று விசாரித்தாலே, "3 கிலோவாட் போட்டுடுங்க சார், மானியம் முழுசா வரும்" என்பார் விற்க வருகிறவர். மானியம் வருவது உண்மைதான். வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். அந்த மூன்றாவது உங்கள் வீட்டுக்குத் தேவையா என்பதை ஈ.பி. பில்லைக் கேளுங்கள்.

கடைசி ஒரு வருடத்து ஆறு பில்லையும் கூட்டி ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள். மே மாத பில்லை மட்டும் பார்த்து மிரள வேண்டாம், அது ஏ.சி. ஓடிய பில். இன்னொன்று: பாகூரிலோ அரியாங்குப்பத்திலோ இருக்கிற சம்பந்தி, "எங்களுக்கு 300 யூனிட், 3 கிலோவாட் போட்டோம்" என்பார். புதுச்சேரியில் மாதா மாதம் பில், இங்கே இரண்டு மாதத்துக்கு ஒன்று. அவருடைய கணக்கு நமக்கு ஆகாது.

நம் பக்கத்து வெயிலுக்கு 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு, சராசரி 640 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 240-ஆல் வகுத்தால் இரண்டே முக்காலுக்குக் கிட்டே வரும், சரி மூன்றே போடலாம் என்று தோன்றும். ஆனால் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதைச் சோலாரில் தயாரித்து என்ன லாபம்? 2 கிலோவாட் போட்டால் 480 கழிந்து 160 மிஞ்சும். அதில் 100 இலவசம் போக, காசு கட்ட வேண்டியது 60 யூனிட்டுக்கு. அதுவும் இருப்பதிலேயே குறைந்த ரேட்டில், 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு நூற்றியோராவது யூனிட்டிலிருந்தே ரேட் கூடுதல் என்பதால், பில்லை 500-க்குக் கீழே இறக்குவதில்தான் பெரிய மிச்சம். அதை முதல் கிலோவாட்டே செய்துவிடுகிறது.

மூன்றாவது கிலோவாட்டுக்கு மத்திய அரசு கணக்கில் எடுத்த விலை 45,000. மானியம் போக 27,000 உங்கள் கையிலிருந்து. பில்லுக்கு 150 ரூபாய் மிச்சம் என்றால் அந்தப் பணம் திரும்ப முப்பது வருடம். வேறு நல்ல செலவு இருக்கும்.

அடுத்த கோடைக்கு ஏ.சி. வாங்கப் போகிறீர்களா? அப்படியென்றால் கணக்கு மாறும். ஒன்றரை டன் ஏ.சி. இரவில் ஆறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 6 யூனிட் அளவில் போகும். அப்போது 3 கிலோவாட் சரியே. பகலில் வரும் சோலாரை ராத்திரி ஏ.சி.க்கு எப்படி என்று குழம்ப வேண்டாம், பகலில் ஈ.பி. லைனுக்குப் போனதையும் ராத்திரி லைனிலிருந்து வந்ததையும் நெட் மீட்டர் நேர் செய்துகொள்ளும்.

மாடியில் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் எங்கே விழுகிறது, சாயங்காலம் எங்கே விழுகிறது என்று ஒருநாள் பாருங்கள். பேனல் தெற்கு பார்த்து, லேசான சாய்வில். தானே புயல் பார்த்த ஊர் இது. ஸ்டாண்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், உப்புக்காற்றுக்கு அதன் ஜி.ஐ. (துத்தநாக) முலாம் நன்றாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் பேனலின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட் இரண்டையும் பாருங்கள். எது குறைவோ அதற்குத்தான் மானியம். மானியத்துக்குப் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கிற சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், பேட்டரி தனியாக வைத்தாலொழிய. லைனில் வேலை செய்கிறவரின் பாதுகாப்புக்காக அப்படி.

மானியம் வேலை முடிந்து நெட் மீட்டர் வைத்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் முழுத் தொகைக்கும் முதலில் ஏற்பாடு வேண்டும். பில் இன்னும் தாத்தா பெயரிலேயே வருகிறதென்றால் அதற்கும் முன்னால் ஈ.பி. ஆபீசில் பெயர் மாற்றம்.