“கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்று செய்தி வந்தால்

வருஷத்துக்கு ஒரு தடவையாவது இப்படி ஒரு தலைப்பு வந்துவிடும்: “கரும்பொருள் சிக்கியது! விஞ்ஞானிகள் வியப்பு!” வந்த கொஞ்ச நேரத்தில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேரும், கூடவே “இதுதானே நீ பார்க்கிற வேலை?” என்று ஒரு கேள்வியும். ஆமாம், அதே வேலைதான். கரும்பொருள் (dark matter) என்பது ஒளியை வெளிவிடாத, ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். திரவமாக்கிய ஜெனான் வாயு நிரப்பிய ஒரு கருவியிலிருந்து வரும் தரவை அலசுவது என் தொழில். இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு நாங்கள் எப்போதும் எதையோ கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி, கண்டுபிடித்ததுபோலத் தெரிவதையெல்லாம் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகக் கழிப்பதில்தான் போகிறது. இப்படிக் கழிக்கும் வேலை செய்தியில் வருவதே இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இல்லாத ஒன்றையா தேடுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர், கோமா என்ற விண்மீன்திரள் கொத்தைப் பார்த்தார். அதிலுள்ள திரள்கள் ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் என்றால் அந்தக் கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்து விண்மீன்திரளான ஆண்ட்ரோமீடாவின் விளிம்பில் இருக்கும் வாயுவின் வேகத்தை அளந்தார்கள். மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் குறைய வேண்டும், குறையவில்லை. அப்புறம் 2006-இல் புல்லட் கொத்து: இரண்டு கொத்துகள் மோதியதில் சூடான வாயு நடுவில் சிக்கி நின்றுவிட்டது, ஆனால் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும் எடை மட்டும் மோதலைக் கண்டுகொள்ளாமல் இருபக்கமும் தாண்டிப் போயிருந்தது. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி, நாம் அறிந்த அணுக்களால் ஆன பொருள் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான்; கரும்பொருள் சுமார் 27 சதவீதம், மீதி கரும் ஆற்றல். (இந்தக் கடைசி இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்; கரும் ஆற்றல் என்பது பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவது. பல கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.) ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்க்கலாம் என்று 1983 முதல் ஒரு தரப்பு சொல்லிவருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் புல்லட் கொத்தையும் ஆதி ஒளியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு அது போதவில்லை.

சரி, அது இங்கேயும் இருக்கிறதா? இருக்கிறது, ரொம்பக் கொஞ்சமாக. நம் சூரியன் இருக்கும் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தியைக் கணக்கிட்டால், இந்த நொடியில் மொத்தப் பூமியின் கன அளவுக்குள் இருக்கும் கரும்பொருளின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. அதன் ஒரு துகள் புரோட்டானைவிட நூறு மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் இடத்தில் மூன்று துகள். ஆனால் சூரியனோடு சேர்ந்து நாமும் நொடிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளியைச் சுற்றுவதால், உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாகவே நொடிக்குப் பல்லாயிரம் துகள்கள் புகுந்து போகும். ஒன்றும் ஆகாது. எதிலும் மோதாமல் போவதுதான் அதன் குணம். எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவில் இடிக்குமா என்று காத்திருப்பதுதான் எங்கள் சோதனை.

காத்திருப்பது கஷ்டமில்லை. மற்ற எல்லாமும் வந்து இடிப்பதுதான் கஷ்டம். கையை விரித்து நீட்டினால் வானத்திலிருந்து வரும் மியூவான் துகள் நொடிக்கு ஒன்று வீதம் உள்ளங்கையைத் துளைத்துப் போகும். அதனால்தான் கருவியைப் பூமிக்கடியில் கொண்டுபோகிறோம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், மூடப்பட்ட ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் எல்.இசட். என்ற கருவி இருக்கிறது. சூரியனிலிருந்து வந்து கிட்டத்தட்ட எதையும் தொடாமல் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகள்களைப் பிடித்ததற்காக 2002-இல் நோபல் பெற்ற ரே டேவிஸ் வேலை பார்த்த அதே குகை. இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் 1400 மீட்டர் பாறைக்குக் கீழே இன்னொன்று, சீனாவில் ஜின்பிங் மலைக்கடியில் சுமார் 2400 மீட்டர் பாறைக்குக் கீழே மற்றொன்று. அந்த ஆழத்தில் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கும் கீழே போய்விடும்.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965-இல். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அதே சுரங்கங்களில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. இதைச் சொல்லாமல் தேனி பொட்டிப்புரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அங்கே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் பற்றிக் காடு, தண்ணீர், பாறை வெடிப்பு என்று ஊர்மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை, அவற்றுக்கு ஊர்க்காரர்கள் முன்னால் நின்று பதில் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை. ஆனால் “உள்ளே கதிர்வீச்சை உண்டாக்குவார்கள்” என்ற பயம் மட்டும் விஷயத்தைத் தலைகீழாக்குகிறது. இந்த மாதிரி ஆய்வகங்கள் பூமிக்குள் போவதே கதிர்வீச்சிலிருந்து தப்பிக்கத்தான். வெளியே தெருவில் இருக்கும் இயற்கையான கதிர்வீச்சில் ஒரு துளி உள்ளே வந்தாலும் எங்கள் சோதனை கெட்டுப்போகும்.

அந்தத் துளி எங்கிருந்தெல்லாம் வரும் என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பாறையில் யுரேனியமும் தோரியமும் உண்டு. வாழைப்பழத்தில் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40 உண்டு, நம் உடம்பிலும் உண்டு. திருகாணி, கேபிள், பற்றவைத்த இடம் எல்லாவற்றிலிருந்தும் ரேடான் வாயு கசியும். ஜெனானைக் காற்றிலிருந்து பிரித்தெடுப்பதால், அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பில் வெளியேறிக் காற்றில் கலந்த கிரிப்டான்-85-உம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். புது ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை இருக்கும், அதன் அரைஆயுள், அதாவது பாதி சிதைந்து போக ஆகும் காலம், 22 வருஷம். அதனால் கிரான் சாஸோவில் நடக்கும் கியூவோரே என்ற நியூட்ரினோ சோதனைக்கு, சார்டினியா அருகே இரண்டாயிரம் வருஷம் முன்னால் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயத்தைக் கவசமாக வைத்தார்கள். கருவிக்குள் போகும் ஒவ்வொரு பாகத்தையும் ஜெர்மானியம் உணரிகள் முன்னால் வாரக்கணக்கில் வைத்து அளந்த பிறகே உள்ளே விடுவோம்.

இங்கே ஒரு விஷயம், தொழிலுக்கு அப்பாற்பட்டது என்றாலும் சொல்லியே ஆகவேண்டும். “குவாண்டம் பதக்கம்”, “அலைக்கதிர்க் காப்பு” என்று கழுத்தில் போடும் வில்லைகளை விற்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பத்துப் பொருட்களைச் சோதித்து, அவையே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுகின்றன, நாள் கணக்கில் அணிந்தால் உடம்புக்குக் கேடு என்று எச்சரித்தது. குழந்தைகளுக்கான வளையமும் அதில் ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது வைத்திருந்தால் தயவுசெய்து கழற்றச் சொல்லுங்கள்.

இனி கருவிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சுமார் மைனஸ் நூறு டிகிரியில் திரவமாக இருக்கும் ஜெனான், எல்.இசட். கருவியில் மொத்தம் பத்து டன். ஒரு துகள் அணுக்கருவில் இடித்தால் அந்த இடத்தில் 175 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா மினுக்கு ஒன்று வரும். கூடவே சில எலக்ட்ரான்கள் பிய்ந்து வரும். மின்புலம் அவற்றை மேலே இழுத்துக்கொண்டு போகும். மேலே திரவம் முடிந்து வாயு தொடங்கும் இடத்தில் அவை வெளியேறும்போது இரண்டாவதாக ஒரு பெரிய மினுக்கு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதிலிருந்து எவ்வளவு ஆழத்தில் நடந்தது என்று தெரியும், மேலே எந்த ஒளிப்பெருக்கிக் குழாய்கள் ஒளியைப் பிடித்தன என்பதிலிருந்து எந்த இடம் என்று தெரியும். இரண்டு மினுக்குகளின் விகிதத்தை வைத்து, இடிபட்டது அணுக்கருவா எலக்ட்ரானா என்று பிரிக்கலாம். எலக்ட்ரான் என்றால் அநேகமாகக் கதிரியக்கம். பல இடங்களில் இடித்திருந்தால் நியூட்ரான். விளிம்பில் நடந்திருந்தால் சுவரிலிருந்து வந்தது, தள்ளிவிடலாம்.

இத்தனையையும் தாண்டி ஒன்று நிற்கும். நடுவில், ஒற்றை இடியாக, அணுக்கருவின் விகிதத்தில், பார்க்க அச்சு அசலாக நாங்கள் தேடுவது போலவே. அப்போது என்ன செய்வோம்? அந்த இரண்டு மினுக்குகளும் ஒரே சம்பவத்தைச் சேர்ந்தவைதானா என்று கேட்போம். ஏனென்றால் குழாயின் சொந்த இரைச்சலில் தனியாக ஒரு சின்ன மினுக்கும், எங்கோ சிக்கிக்கிடந்த எலக்ட்ரான்கள் தாமதமாக வெளியேறியதில் தனியாக ஒரு பெரிய மினுக்கும் தற்செயலாக அடுத்தடுத்து வந்துவிட்டால், சம்பந்தமே இல்லாத இரண்டும் ஜோடி சேர்ந்து ஒரு பொய்ச் சம்பவத்தை உண்டாக்கிவிடும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆழத்திலிருந்து வரும் எலக்ட்ரான் கூட்டம் வழியெல்லாம் பரவிக்கொண்டே வருவதால், எவ்வளவு தூரம் வந்ததோ அவ்வளவுக்கு இரண்டாம் மினுக்கு அகலமாக இருக்க வேண்டும். நேர இடைவெளி “நான் அடியிலிருந்து வருகிறேன்” என்று சொல்லி, அகலம் “நான் மேல்பரப்பிலேயே பிறந்தவன்” என்று சொன்னால் அது பொய் ஜோடி. எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த சோதனை இதுதான், ஒரு மில்லி நொடிக்கும் குறைவான பயணத்தின் தடயம் அந்த இரண்டாம் மினுக்கின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது.

நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்கவும் ஏற்பாடு உண்டு. எல்.இசட். குழு 2024-இல் வெளியிட்ட 280 நாள் தரவில், புதிதாக எடுத்த பகுதியில் போலிச் சம்பவங்களை வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தார்கள். அலசுகிறவர்களுக்கு எது போலி என்று தெரியாது. எல்லா விதிகளையும் முடிவு செய்து பூட்டிய பிறகே போலிகள் எவை என்று திறந்து காட்டப்படும். ஒரு புள்ளியைப் பார்த்து ஆசைப்பட்டு அதற்குத் தோதாக விதியை வளைக்க முடியாது. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் எது நிஜ மருந்து என்று மறைத்து வைப்பார்களே, அதன் பின்னால் இருக்கும் காரணமே இங்கேயும். போலிகளை நீக்கியபின், எதிர்பார்த்த பின்னணி இரைச்சலுக்கு மேல் மிஞ்சியது ஒன்றுமில்லை. கரும்பொருள் துகள் இவ்வளவுக்கு மேல் இடிக்காது என்ற, அதுவரை இல்லாத கறாரான எல்லை மட்டும் கிடைத்தது.

சந்தேகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020-ஐச் சொல்லலாம். கிரான் சாஸோவின் ஜெனான்-1டி கருவியில், குறைந்த ஆற்றலில் 232 சம்பவம் எதிர்பார்த்த இடத்தில் 285 வந்தது. அந்தக் குழு அதை மறைக்கவில்லை, கண்டுபிடித்தோம் என்றும் சொல்லவில்லை. சூரியனிலிருந்து வரும் ஆக்ஸியானாக (கோட்பாட்டில் மட்டுமே இருக்கும் மிக லேசான ஒரு துகள்) இருக்கலாம், நியூட்ரினோவின் புதுக் குணமாக இருக்கலாம், அல்லது ஜெனானில் கலந்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனாகவும் இருக்கலாம் என்று மூன்றையும் எழுதினார்கள். டிரிட்டியம் என்றால் ஒரு கிலோ ஜெனானுக்கு மூன்று அணு கலந்திருந்தாலே போதும். தலைப்புகளில் ஆக்ஸியான் மட்டும்தான் வந்தது. 2022-இல் பின்னணி இரைச்சலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்த அடுத்த தலைமுறைக் கருவி ஜெனான்-என்டி பார்த்தபோது அந்த உபரி காணாமல் போனது. அது எத்தனை பேர் வீட்டு வாட்ஸ்அப்புக்கு வந்தது என்று தெரியவில்லை, எனக்கு யாரும் அனுப்பவில்லை.

டாமா என்ற சோதனையின் கதை இன்னும் நீளம். அதே கிரான் சாஸோவில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்து, சமிக்ஞை ஜூன் தொடக்கத்தில் கூடி டிசம்பரில் குறைகிறது, பூமியின் வேகம் சூரியனின் வேகத்தோடு சேருவதாலும் கழிவதாலும் இப்படித்தான் ஆகவேண்டும், எனவே இது கரும்பொருள் என்று 1990-களின் கடைசியிலிருந்து சொல்லிவந்தார்கள். புள்ளிவிவரப்படி பலமான சமிக்ஞை. வேறு பொருளை வைத்த பெரிய கருவிகளில் அது தெரியவில்லை, ஆனால் “உங்கள் பொருள் வேறு” என்ற பதில் எப்போதும் இருந்தது. கடைசியில் அதே சோடியம் அயோடைடை வைத்தே ஸ்பெயினின் கான்ஃப்ராங்கில் அனாய்ஸ், தென் கொரியாவில் கோசைன் என்று இரண்டு குழுக்கள் வருஷக்கணக்கில் பார்த்தன. இரண்டிலும் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆகவே அடுத்த தலைப்பு வரும்போது என்னிடம் கேட்பதற்கு முன்னால் இரண்டை மட்டும் பாருங்கள்: வேறு எதுவாக இருக்கலாம் என்று அந்தக் குழுவே என்ன எழுதியிருக்கிறது, அதே பொருளை வைத்து வேறொரு குழு வேறோர் இடத்தில் பார்த்துவிட்டதா.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸியானைத் தேடும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏடிஎம்எக்ஸ், வலுவான காந்தத்துக்குள் ஓர் உலோக அறையை வைத்து, பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே போகிறது. ஜெனீவாவில் புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. இயந்திரத்தின் மோதல்களில் கணக்கில் வராமல் காணாமல் போகும் ஆற்றலைப் பார்க்கிறார்கள். ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பால்வெளியின் மையத்திலிருந்து வரும் உபரி காமா கதிரைப் பார்த்தது, அது கரும்பொருளா அல்லது அங்கே மறைந்திருக்கும் பல்சார்களா (வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்கள்) என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

“இத்தனை வருஷமாக ஒன்றும் கிடைக்கவில்லையே, காசு தண்டம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு, மக்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். 1987-இல் ஹோம்ஸ்டேக்கில் ஜெர்மானியம் கருவியோடு தொடங்கிய முதல் தேடலிலிருந்து இன்றுவரை உணர்திறன் பல லட்சம் மடங்கு கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லோரும் பந்தயம் கட்டிய கோட்பாடுகள் பலவற்றை இந்த ‘ஒன்றுமில்லை’தான் ஒதுக்கித் தள்ளியது. இரைச்சல் குறைந்த இந்தக் கருவிகளின் அமைதியில்தான் 2019-இல் ஜெனான்-124 சிதைவதை நேரடியாகப் பார்க்க முடிந்தது. அதன் அரைஆயுள் பிரபஞ்சத்தின் வயதைவிட ஒரு லட்சம் கோடி மடங்குக்கும் மேல். 2024-இல் ஜெனான்-என்டியும் சீனாவின் பாண்டாஎக்ஸும், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஜெனான் அணுக்கருவில் இடிப்பதன் முதல் அறிகுறிகளைப் பார்த்தன. இது சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்த செய்தி. எவ்வளவு ஆழம் போனாலும் நியூட்ரினோவைத் தடுக்கப் பாறை கிடையாது, அதன் இடி கரும்பொருளின் இடி போலவே இருக்கும். இனிமேல் வரும் பெரிய கருவிகள் இந்த இரைச்சலுக்குள்தான் தேட வேண்டியிருக்கும்.

இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இதற்கு வெளிநாடுதான் போகவேண்டுமா என்று கேட்கிறார்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்குள் 555 மீட்டர் ஆழத்தில் 2017-இலிருந்து ஓர் ஆய்வகம் இருக்கிறது, கொல்கத்தாவின் சாஹா நிறுவனம் நடத்துகிறது, கரும்பொருள் தேடல் அங்கேயும் நடக்கிறது. கோட்பாட்டுக் கணக்கு தெரிந்தால் நல்லது, ஆனால் அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது புள்ளியியலும் நிரல் எழுதும் பழக்கமும், வெற்றிடப் பம்பைப் பிரித்து மாட்டத் தயங்காத கையும். எம்எஸ்சி செய்யும்போதே ஒரு கோடை விடுமுறைக்கு இந்த மாதிரி ஆய்வகம் எதற்காவது விண்ணப்பித்துப் பாருங்கள்.