பலாமுள் ஒவ்வொன்றும் ஒரு பூ

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் வளவுக்குள் பலா வைத்திருப்பவர்கள் காய் முற்றிவிட்டதா என்பதை முள்ளைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நெருங்கி நின்ற முட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தட்டையாகியிருக்க வேண்டும். அவை விலகுவதற்குக் காரணம், ஒவ்வொரு முள்ளின் கீழும் ஒரு தனிப் பூ பருத்துக்கொண்டிருப்பதுதான்.

பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். ஆண் கொத்து மகரந்தத்தை விட்டபின் கறுத்து, பூஞ்சணம் பிடித்து விழுந்துவிடும். பிஞ்சு உதிர்கிறதே என்று இதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் தங்கும் பெண் கொத்தே பழமாகிறது. அதன் நடுத்தண்டைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள். ஒவ்வொன்றுக்கும் குழாய் போன்ற ஓர் உறை. உறைகளின் மேற்பகுதிகள் பக்கத்துப் பூக்களோடு பிணைந்து தோலாகின்றன, நுனிகள் முள்ளாக நிற்கின்றன. ஒட்டாமல் தனித்து நிற்கும் நடுப்பகுதி சதைபிடித்துச் சுளையாகிறது.

அப்படியானால் கனி எங்கே? சுளையைப் பிளந்தால் கொட்டையைச் சுற்றி வழுவழுப்பான மெல்லிய பை ஒன்று இருக்கும். பூவில் விதை உருவாகும் பகுதியான சூலகத்திலிருந்து உருவான உண்மையான கனி அதுதான். அதை உரித்து எறிந்துவிட்டு, பூவின் உறையைத்தான் இத்தனை ஆசையோடு தின்கிறோம்!

சுளைகளுக்கிடையே செறிந்திருக்கும் சடையும் பூக்களே. மகரந்தம் சேராததால் கருவுறாமல் நாராகவே நின்றுவிட்டவை. ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சூம்பிய பழத்தை வெட்டிப் பாருங்கள்: சூம்பிய பக்கத்தில் பெரும்பாலும் சடைதான் இருக்கும். மகரந்தம் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பழத்தின் உருவமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பல பூக்கள் சேர்ந்து இப்படி ஒரே பழமானால் அது கூட்டுக்கனி. அன்னாசியும் கடற்கரைத் தாழையும் இந்த வகைதான். சீத்தாப்பழ வகையான அன்னமுன்னாவைப் பிட்டால் விதைவிதையாகப் பிரிவதைப் பார்த்து அதையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. அது ஒரே பூவிலிருந்த பல சூலகங்கள் இணைந்து உருவாவது. அதைத் திரள்கனி என்பார்கள்.

பலாவின் உறவினரான அத்தியும் ஆலும் இந்த அமைப்பை உள்வெளியாகத் திருப்பிவைத்திருக்கின்றன. பூக்கள் முழுவதும் உள்ளே. நுனியில் ஊசித்துளை அளவு வாசல். அதன் வழியே நுழையும் மிகச் சிறிய குளவிதான் மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு மர இனத்துக்கும் அதற்கென்றே உரிய குளவி இனம் உண்டு. அந்தக் குளவி வாழாத ஊரில் ஆலமரம் எவ்வளவு செழித்து நின்றாலும் விதை பிடிக்காது.