குட்டிப் பீரங்கிக்குள் ஒரு கங்கு

முழ நீளம்கூட இருக்காது. பளபளவென்று தேய்த்த வெண்கலக் குழல், மரத்தில் இரண்டு சக்கரம், பார்க்க அலமாரியில் வைக்கிற அழகுப் பொருள் மாதிரிதான் இருக்கும் அந்தக் குட்டிப் பீரங்கி. ஆனால் அதற்குள் கருமருந்து போய்விட்டால் கதை வேறு. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டு ஏறக்குறைய 30 கிராம் இருக்கும், அது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டால் அதன் ஆற்றல் 600 ஜூல். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் தோட்டா குழலை விட்டு வெளியே வரும்போது சுமார் 500 ஜூல்தான். அதனால் இதைப் பொம்மை என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, இந்தக் கணக்கை மட்டும் காட்டுவேன்.

சுருக்கினால் எதெல்லாம் சுருங்குகிறது, எதெல்லாம் சுருங்குவதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பெரிய பீரங்கியைப் பத்தில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் பத்தில் ஒன்று, எடை ஆயிரத்தில் ஒன்று. சரி, ஆனால் மருந்தின் மணி அதற்காகச் சிறுக்காது. திரியின் தடிமனும் அதேதான், அதனால் திரித்துளை, அதாவது திரியைச் செருகும் சின்ன ஓட்டை, குழலின் அளவோடு ஒப்பிட்டால் பெரிதாகவே இருக்கும். குழலின் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும், துளையின் விட்டத்துக்கும் சுவரின் தடிமனுக்கும் உள்ள விகிதத்தையும் பொறுத்தது. விகிதம் மாறாமல் சுருக்கினால், அதே அழுத்தத்துக்குச் சின்னக் குழலும் பெரிய குழல் படும் பாட்டையே படும். மருந்து இருக்கும் அடிப்பகுதியில் சுவரின் தடிமன் துளையின் விட்டத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 20 மில்லிமீட்டர் துளை என்றால் சுற்றிலும் 20 மில்லிமீட்டர் உலோகம். தண்ணீர்க் குழாயை வெட்டி ஒரு முனையை மூடிப் பீரங்கி செய்யலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடமிருந்து தள்ளியே இருங்கள்.

முந்தைய வேட்டில் எரிந்து மிஞ்சிய கங்கும் சுருங்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மருந்து. வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததுதான் கருமருந்து. சீனாவில் 1044-இல் தொகுக்கப்பட்ட படைநூல் ஒன்றிலேயே இதன் கலவைகள் எழுதப்பட்டிருக்கின்றன. கரிதான் எரிபொருள். வெடியுப்பு தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருகிறது, அதனால் எரிய வெளிக்காற்று வேண்டாம், மூடிய குழலுக்குள்ளும் எரியும். கந்தகமும் எரிகிறது, அதோடு சீக்கிரம் உருகித் தீ பிடிப்பதைச் சுலபமாக்குகிறது. ஒரு கிராம் மருந்து ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் அடங்கும். அது எரிந்து வரும் வாயு ஆறிய பிறகுகூட கால் லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். எரியும்போது சூடு இரண்டாயிரம் டிகிரியை ஒட்டி இருப்பதால் அந்த வாயு இன்னும் பல மடங்கு விரியப் பார்க்கிறது, விரிய இடமில்லை, முன்னால் இருக்கிற குண்டு ஒன்றுதான் நகரக்கூடியது.

இங்கே ஒரு நுணுக்கம். கருமருந்து பாறை உடைக்கும் வெடிபொருளைப்போல ஒரே நொடியில் மொத்தமாக வெடித்துச் சிதறுவதில்லை. மணியின் மேற்பரப்பில் தீப்பற்றி உள்நோக்கி எரிகிறது, அவ்வளவுதான். திறந்த இடத்தில் கொஞ்சம் கொட்டிப் பற்றவைத்தால் ‘புஸ்’ஸென்று வெள்ளைப் புகையோடு போய்விடும், சத்தம்கூட வராது. குழலுக்குள் அடைபட்டால்தான் ஒரு மணியின் சூடான வாயு அடுத்த மணியின் இடுக்கில் பாய்ந்து எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பற்றுகின்றன. ஆக, எரியும் வேகத்தை முடிவு செய்வது மேற்பரப்பின் அளவு. பொடியாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், அழுத்தம் சட்டென்று ஏறும். பெரிய மணியாக இருந்தால் நிதானமாக ஏறும். மருந்து டப்பாக்களில் ‘எஃப்’ என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அத்தனைக்கு மணி நைசு என்று அர்த்தம். கைத்துப்பாக்கிக்கான நைசு மருந்தைப் பீரங்கிக்குள் போட்டால், எடை அதேயானாலும் அழுத்தம் அதே இல்லை. எடையை மட்டும் பார்த்து மணியைப் பார்க்காமல் விடுவது குட்டிப் பீரங்கி சுடும் இந்தப் பொழுதுபோக்கில் எளிதாக நடந்துவிடக்கூடிய தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு புகையில்லா மருந்தைப் போடுவது. 1884-இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய வகையிலிருந்து வந்த இன்றைய தோட்டா மருந்துகள் அழுத்தம் ஏற ஏற வேகமும் கடகடவென்று ஏறுகிற சாதி. கருமருந்து அப்படி இல்லை, அழுத்தம் கூடினாலும் அதன் எரிவேகம் ஓரளவுதான் கூடும். பழைய பாணிக் குழல்கள் அந்தக் குணத்தை நம்பிச் செய்யப்பட்டவை. இரண்டும் டப்பாவில் கறுப்பாகத்தான் இருக்கும் என்பதால் வரும் குழப்பத்தில் குழல் பிளந்துவிடும்.

குழல் பிளப்பது கற்பனை ஒன்றுமில்லை. 1460-இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ராக்ஸ்பரோ முற்றுகையின்போது தன்னுடைய பீரங்கி ஒன்று பக்கத்திலேயே வெடித்ததில்தான் செத்துப்போனார், எதிரியின் குண்டில் இல்லை. 1844 பிப்ரவரி 28 அன்று பிரின்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் விருந்தினர்களுக்கு முன்னால் சுட்டுக்காட்டிய பெரிய பீரங்கி பிளந்து, வெளியுறவுச் செயலரும் கடற்படைச் செயலரும் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அன்றைக்கே அதற்கு முன் அது ஒழுங்காகத்தான் சுட்டிருந்தது. நேற்று தாங்கிய குழல் இன்றும் தாங்கும் என்பதற்கு உலோகம் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

இப்போது கங்கு. சுட்டு முடித்த குழலுக்குள் எரியாமல் மிஞ்சிய, மருந்து கட்டிய பைத்துணியின் நுனியோ, அடைப்புத்தாளின் ஓரமோ, கசடில் ஒட்டிய கரித்துண்டோ கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கலாம். கடுகளவு இருந்தால் போதும். அடுத்த மருந்து மேலே போய் விழுந்த கணம், அதை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிற கை குழலின் வாய்க்கு நேரே இருக்கும். முன்வாயால் மருந்து கெட்டிக்கிற பீரங்கியின் சடங்குகள் அத்தனையும், பார்க்க ஏதோ பழங்காலப் படை ஒத்திகை மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் இந்த ஒரே கங்குக்காகத்தான். முதலில் நுனியில் திருகாணிபோல் முறுக்கிய கம்பியுள்ள கோலை விட்டுச் சுற்றி, மிச்சமிருக்கும் துணித்துண்டை இழுத்து எடுக்கிறார்கள். அப்புறம் ஈரத்துணி சுற்றிய கோல், அடிவரைக்கும் போய்த் திரும்ப வேண்டும், அதற்கென்று கோலில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கோல் வெளியே வரும்போது கிட்டப் போய் முகர்ந்து பார்த்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும், கந்தகச் சேர்மம் ஈரத்தில் பட்டு வருகிற வாடை. துணி மைபோலக் கறுத்திருக்கும். அதன் பிறகு உலர்ந்த துணி, ஏனென்றால் ஈரம் தங்கினால் அடுத்த மருந்து சரியாகப் பற்றாது.

பெரிய பீரங்கிகளில் இதைச் செய்யும்போது இன்னொருவர் தோலுறை மாட்டிய கட்டைவிரலால் திரித்துளையை அடைத்துப் பிடித்துக்கொள்வார். கோல் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் திரித்துளை வழியாகக் காற்று ஓடும், ஊதுலையில் துருத்தி செய்கிற வேலையை அது கங்குக்குச் செய்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கட்டைவிரல்.

மருந்தைக் குப்பியிலிருந்து நேரே குழலில் கொட்டக்கூடாது என்பதும் இதே காரணம்தான். கங்கு இருந்தால் பற்றுவது குழலில் இருக்கிற மருந்து மட்டுமில்லை, தீ தாரையோடு ஏறிக் கையில் இருக்கிற குப்பிக்கே வந்துவிடும். அதனால் ஒரு வேட்டுக்கு வேண்டியதை மட்டும் முன்கூட்டியே அளந்து அலுமினியத்தாளில் பொட்டலம் கட்டி வைப்பார்கள், மீதி மருந்து தள்ளி ஒரு பெட்டியில் மூடியே இருக்கும். எவ்வளவு அளக்க வேண்டும் என்பதை அந்தக் குழலைச் செய்தவர் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது.

பொட்டலத்தைத் தள்ளும் கோல் மரம், அதில் உலோகம் வேண்டுமானால் பித்தளை, இரும்பு உதவாது, பொறி வரும். தள்ளுகிறவர் குழலின் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பார். கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிக் கொடுக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்வார், தப்பித்தவறி வெடித்தால் கோல் கையை உருவிக்கொண்டு போகட்டும், விரலைக் கொண்டுபோக வேண்டாம் என்று. குண்டு இருந்தால் அது மருந்தோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் வேகமெடுத்து வரும் வாயு, அசையாமல் நிற்கும் குண்டின் பின்னால் போய் மோதி அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும், குழல் அங்கே மோதிரம்போல் வீங்கும் அல்லது பிளக்கும்.

எல்லாம் கெட்டித்து, கோலை வெளியே எடுத்த பிறகுதான் திரித்துளைப் பக்கம் வர வேண்டும். பித்தளைக் கம்பியால் பொட்டலத்தைக் குத்தித் துளைத்து, திரியைச் செருகுவது. பச்சை நிறத்தில் வரும் பீரங்கித் திரி ஏறக்குறைய விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் எரியும், ஆனால் புதுச் சுருள் வாங்கினால் ஒரு துண்டை வெட்டித் தனியாக எரித்து நேரம் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பற்றவைத்தவர் பின்னால் நிற்கக்கூடாது, பீரங்கி பின்னோக்கி உதைக்கும். 5 கிலோ பீரங்கி அந்த 30 கிராம் குண்டைத் தள்ளிவிட்டால் தானே விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகத்தில் பின்னால் ஓடிவரும், கூடவே வெளியேறும் வாயுவின் உதையும் சேரும். திரித்துளைக்கு மேலே குனிந்தும் பார்க்கக்கூடாது, அங்கிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு பீறிடும். காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இதில் பேச்சே இல்லை.

ஆள் கை படாமல் திரித்துளையைப் பற்றவைத்த ஒரு குட்டிப் பீரங்கி உண்டு. பாரிசில் பலே ரோயால் தோட்டத்தில் 1786-இல் வைத்தது. மேலே ஒரு பூதக்கண்ணாடி, உச்சிவேளையில் சூரியன் சரியான இடத்துக்கு வந்ததும் ஒளி குவிந்து திரித்துளையில் விழும், மருந்து பற்றும், அந்தக் காலத்து ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். மேகம் போட்ட நாளில் மணி தெரியாது.

குண்டில்லாமல் சுடுவதைத்தான் வெற்றுவேட்டு என்கிறோம், பேச்சில் அதை ஏளனமாகவும் பயன்படுத்துகிறோம். கிட்ட நிற்கிறவருக்கு அது வெற்று இல்லை. அடைத்த தாள், எரியாத மருந்து மணி, சூடான வாயு எல்லாம் சில மீட்டருக்குள் தோலைக் கிழிக்கவும் கண்ணைப் பறிக்கவும் போதுமானவை. மருந்து வைத்திருப்பதற்கும் சுடுவதற்கும் உரிமம் வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

திரி எரிந்து முடிந்தும் சத்தம் வரவில்லை என்றால்? அதுதான் ஆளைத் தூண்டுகிற நேரம், கிட்டப் போய் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். திரி உள்ளே மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கலாம். குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் யாரையும் விடாமல், தள்ளியே காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை. அப்புறம் பக்கவாட்டில் நின்று நீண்ட மூக்குள்ள பாட்டிலால் திரித்துளை வழியே தண்ணீரை நிறைய விட்டு, மருந்து முழுக்க நனைந்து கூழான பிறகுதான் கம்பிக்கோலால் இழுத்து எடுப்பது.

எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் குறைவுதான் வாயுவாகப் போகிறது, மீதி எல்லாம் பொட்டாசியம் உப்புகளாகப் புகையிலும் குழலின் சுவரிலும் தங்கிவிடும். அந்த வெள்ளைப் புகைமூட்டமே நுண்ணிய உப்புத்தூள்தான். சுவரில் படிந்தது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, குழல் எஃகானால் அதை அரிக்க ஆரம்பிக்கும், ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு தெரியும். எண்ணெய் பூசினால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. சோப்புக் கரைத்த வெந்நீரை முன்வாயில் ஊற்றித் துணிக்கோலால் இழுத்து இழுத்துத் தள்ளினால் திரித்துளையிலிருந்து கறுப்பாகப் பீச்சும், நாலைந்து முறை மாற்றினால் சாம்பல் நிறமாகும், அப்புறம் தெளிந்த தண்ணீராக வரும்.